ஏழாம் எண் பயனர்

போன் விளையாட்டை மாலை ஆறு மணியோடு மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு தங்கையின் போனுக்கு வந்து ஒரு வாரமாகியிருந்தது. அவள் கணவரான லிஃப்ட் மெக்கானிக் அதைக் கடைசி நாளான அன்றைக்குத்தான் பார்த்தார். வேலை முடிந்த கையோடு, கிரீஸ் படிந்த சட்டையோடு கல்லூரிக்கு வந்து, மூன்றாம் மாடியில் ஊடகவியல் கற்பிக்கும் மனைவியின் அக்காவின் மேசைமேல் போனை வைத்தார். அவர் மனைவியும் அவள் தங்கையுமானவள் இறந்து ஐந்து மாதம்.

"நானே திறந்திருப்பேன்க்கா. எங்க தட்டணும்னு தெரியாது. ஏடாகூடமா எதையாவது அழிச்சிட்டா?"

"மணி அஞ்சரை ஆகுது தம்பி."

"லிஃப்டுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. அவங்கள வெளிய எடுத்துட்டு வரவேண்டியதாப் போச்சு. அதுல ஒருத்தர் என்னையே திட்டுறாரு, நான்தான் பிடிச்சு உள்ள போட்ட மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து விளையாட்டைத் திறந்தாள்.

ஒரு பெரிய நடிகையின் பெயரில், அவர் முகத்தோடு வந்த விளையாட்டு அது. துணிக்கடையில் வேலைக்கு நிற்கும் ஒரு பெண், நடிகைக்குத் தோழியாகி, மெல்ல மெல்லத் தானும் நட்சத்திரமாவதுதான் கதை. உள்ளே எதைச் செய்தாலும் தெம்பு குறையும். 'எனர்ஜி'க்கு அந்தச் சொல்லைப் பிடித்த மொழிபெயர்ப்பாளரை, இந்த விளையாட்டைப் பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையில் அக்கா பாராட்டியிருந்தாள். அதே ஆள் வேறோர் இடத்தில் சறுக்கியிருந்தார். நடிகைக்கு யார் என்ன கடிதம் எழுதினாலும் ஒரே பதில்தான் வரும்: 'நானும் உன்னைத் தவறவிட்டேன்.' 'மிஸ் யூ' என்பது உன் நினைவாகவே இருந்தேன் என்று இருக்க வேண்டிய இடம். அக்காவும் தங்கையும் அதை வைத்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்த்த தங்கை, மதியம் போன் செய்து, "நேத்து முழுக்க உன்னைத் தவறவிட்டுட்டேன்க்கா, எங்க விழுந்து கிடந்த?" என்பாள்.

ஆளே இல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படிப் பாசம் வைக்கிறார்கள் என்பதுதான் கட்டுரை. அதில் தங்கைக்குப் பெயர் கிடையாது. 'ஏழாம் எண் பயனர், முப்பத்து நான்கு வயது, பெண். நடிகையின் பதில் தானாக வருவது என்று அறிந்தும் அறியாதவர்போல் இருக்கிறார்.' அச்சுக்குப் போகுமுன் அதைப் படித்துவிட்டுத் தங்கை, "ஏழாம் நம்பர் வந்திருக்கேன், டீ குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அதற்குப்பின் பதினோரு நாள் போன் இல்லை. அவளே கூப்பிடட்டும் என்று அக்காவும் வீம்பாக இருந்தாள். பன்னிரண்டாம் நாள் மெக்கானிக் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். காய்ச்சல் என்று போனவள். அக்கா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன் பண்ணாதது கோபமா, இல்லை வேலை மும்முரமா? ஐந்து மாதமாக அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விடைதான்.

திரையின் மூலையில் தெம்பு ஆறு என்று காட்டியது. விளையாட்டை மூடும் நேரமாதலால் இனி அது ஏறாது. எழுதுவதற்குத் தெம்பு வேண்டாம்; பழைய கடிதம் ஒன்றைத் திறக்க மூன்று வேண்டும். தங்கை விளையாடி எட்டியிருந்த கடைசிக் கட்டமான விருது மேடைக்குள் போக ஆறும் வேண்டும். அந்த மேடையின் படம் இல்லாமல் கட்டுரையை ஏற்க முடியாது என்று இதழாசிரியர் இரண்டு முறை எழுதிவிட்டார்.

"அவ எழுதின லெட்டர் எத்தனைக்கா இருக்கு?"

"முப்பத்தொண்ணு."

"பாவி. எனக்கு ஒண்ணுகூட எழுதினதில்ல."

தேதிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அந்தப் பதினோரு நாளுக்குள் ஒன்றே ஒன்று இருந்தது. மேடையை மறந்து அதைத் தொட்டாள்.

'மேடம், எங்க அக்கா உங்களைப் பத்தி எழுதிருக்காங்க. நீங்க ஆளே இல்லையாம். மனசுல வச்சுக்காதீங்க. என்னையே நம்பர்னு எழுதிட்டாங்க. படிச்சப்ப சுருக்குன்னுதான் இருந்துச்சு. சரி, அவங்க வேலை அப்படி. ஆனா ஏழாம் நம்பராம், கூடப் பொறந்தவளுக்கு. ஒண்ணாம் நம்பர் யாருன்னு கேக்கணும். ரெண்டு நாளா உடம்பு சரியில்ல. சரியானதும் நேர்லயே போய் சண்டை போட்டுக்கிறேன்.'

கீழே அதே பதில். நானும் உன்னைத் தவறவிட்டேன். பிழையான தொடர் என்று முழுப் பத்தி எழுதியவள் அவள். இப்போது தேடிப் பார்த்தும் அதில் பிழை அகப்படவில்லை.

"என்னக்கா போட்டிருக்கா?"

"சண்டை போட வரேன்னு போட்டிருக்கா."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே, "இன்னொன்னு திறக்கலாம்ல?" என்றார்.

"நீங்க படிங்க. எது வேணும்னு சொல்லுங்க."

அவர் யோசித்துக் கல்யாண நாளைச் சொன்னார். அந்தத் தேதியிலும் ஒன்று இருந்தது. போனை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போய் உதட்டை அசைத்துப் படித்தார். ஒருமுறை, இன்னொருமுறை. திரும்பி வந்தபோது மூக்கை உறிஞ்சினார்.

"குக்கர் ரப்பர் வாங்கிட்டு வரச் சொன்னாளாம். நான் பூ வாங்கிட்டுப் போனேனாம். இதப் போயி ஒரு நடிகைகிட்ட புகார் பண்ணியிருக்கா."

"ரப்பர் வாங்கினீங்களா?"

"இன்னும் இல்லக்கா."

ஆறு அடிக்க நான்கு நிமிடம். எழுதும் பெட்டி காலியாகத் திறந்துகிடந்தது. அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். பேராசிரியர்கள் கூடிய அவையில் தடுமாறாதவள், இரண்டு வரிக்கு நாலு தடவை அழித்தாள்.

'கட்டுரைக்காக முதல்ல பேசினது உன்கிட்டதாண்டி. கூடப் பொறந்தவளை வச்சு ஆரம்பிச்சாள்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு ஏழுல கொண்டுபோய் ஒளிச்சு வச்சேன். கோழை நான். வந்து சண்டை போடு.'

அனுப்பு என்பதைத் தொட்டாள். சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

"போச்சாக்கா?"

"தெரியல. சுத்திக்கிட்டே இருக்கு."

மெக்கானிக் மாணவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மணி ஆறு தாண்டியது. இருவரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.