ஓஸ்ட்ராம் வீட்டுக் கூடத்தில் இருந்த மலை உச்சி

செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் உச்சி செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் இல்லை. டூட்டில் ஆற்றங்கரையில் வெண்டல் ஓஸ்ட்ராமின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இதை வெண்டல் ஓஸ்ட்ராமே முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிவந்தார். ஒருநாளும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. 1980 மே பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு முப்பத்திரண்டுக்கு, மலை வெடித்துத் தன் தலையில் ஆயிரத்து முந்நூறு அடியைத் தொலைத்தது. அதில் ஒன்பதடி தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, மிச்சம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே உச்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது தன் புகைபோக்கிதான் என்பது அவர் வாதம். அதை மறுக்க அந்த வட்டாரத்தில் யாருக்கும் படிப்புப் போதவில்லை. படித்தவர்களுக்குப் பொறுமை போதவில்லை.

வெடிப்பில் சாய்ந்த மரங்களை அள்ளிவர மரக் கம்பெனி லாரிகளை அனுப்பியபோது வெண்டலுக்கு வயது முப்பது. மேலே போகும்போது லாரி காலி, கீழே வரும்போது லோடு. ஒற்றை வழி மண்சாலை என்பதால் ஓட்டுநர்கள் ஒவ்வொரு மைல்கல்லிலும் லாரி வானொலியில் மைல் எண்ணைச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும்: "பதினொண்ணு, காலி, மேல." "பதினொண்ணு, லோடு, கீழ." கொடுக்காதவன் வளைவில் எதிர்லாரியைப் பார்ப்பான், அதற்கப்புறம் எதையும் பார்க்கமாட்டான். அப்படி இருநூற்றுப் பதினான்கு நடை போனார் வெண்டல். ஒவ்வொரு நடையிலும் மதியச் சாப்பாட்டுத் தகரப்பெட்டி காலியானதும், அதில் இரண்டு நுரைக்கற்களைப் போட்டுக்கொண்டு வந்தார். ரொட்டியைவிட எடை குறைவான கற்கள். ஆற்றில் போட்டால் வாத்தைப்போல மிதக்கும். நானூற்று இருபத்தெட்டுக் கல் சேர்ந்ததும் புகைபோக்கி கட்டி முடிந்தது. உச்சிக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் நோட்டும் பென்சிலும் வைத்தார். விருந்தாளிகள் காலுறையோடு நாற்காலியில் ஏறி, அந்தக் கல்லைத் தொட்டுவிட்டு, நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு இறங்கினார்கள்.

மலை ஏற வருகிறவர்களைக் கண்டால் வெண்டலுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏழு மணி நேரம் ஏறி, அங்க போய் என்னத்தைப் பாக்குற? ஓட்டை! மலைல ஒண்ணுக்கு ரெண்டுக்கு எது போனாலும் பையில கட்டி முதுகுல சுமந்துட்டு வரணும் வேற. என் வீட்டுக்கு வா, அஞ்சு நிமிஷத்துல உச்சி. கழிப்பறை வலது பக்கம்."

நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் எரிமலைப் பள்ளி வந்தபோது அவர் வாய்க்குத் தினமும் தீனி கிடைத்தது. லாப நோக்கில்லாத அமைப்பு. கோடையில் வாரம் முப்பது பிள்ளைகள் கூடாரம் போட்டுத் தங்கி மலையைப் படிப்பார்கள். பச்சை மேலங்கி போட்ட தொண்டர்கள் கூட நடப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முகாமின் முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் நுரைக்கல் வெளியில் ஒரு கல்லை எடுத்து, அதற்கொரு பெயர் வைக்க வேண்டும். வாரம் முழுக்கச் சுமக்க வேண்டும். கடைசி நாள் எடுத்த இடத்திலேயே, எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருந்ததோ அந்தப் பக்கம் மேலே வரும்படி வைத்து, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும். இது தவிர, எப்போதோ சுற்றுலா வந்து கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள், மனசு உறுத்தி, உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் தபாலில் திருப்பி அனுப்புகிற கற்கள் உண்டு. சனிக்கிழமைதோறும் தொண்டர்கள் அவற்றைச் சுமந்துபோய் வைப்பார்கள். அனுப்பியவர் சார்பில் மன்னிப்பும் அவர்களே கேட்பார்கள்.

"கல்லுக்குப் பேரு! கல்லுகிட்ட மன்னிப்பு!" உணவு விடுதியில் ஹக்கிள்பெரிப் பழ அப்பத்தை வெட்டிக்கொண்டே வெண்டல் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். "நாளைக்குத் தாலாட்டும் பாடுவானுங்க, பாரு."

"யோவ், உன் பொண்டாட்டி அங்கதான்யா சேந்திருக்கா," என்றார் பக்கத்து வீட்டு டியூயி ஹாஸ்கின்ஸ்.

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு அது செய்தி.

நோரீன் ஓஸ்ட்ராம் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே பச்சை மேலங்கி வாங்கிக்கொண்டார். 2014 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஓஹையோவிலிருந்து வந்த ஒரு கல்லை நுரைக்கல் வெளியில் வைத்து, "எடுத்துட்டுப் போனவருக்கு அப்ப பன்னெண்டு வயசு, மன்னிச்சிடு," என்றார். அதே சனிக்கிழமை, அதே பதினொரு மணிக்கு, பதினெட்டு மைலுக்கு அப்பால் அவருடைய வீடு தரையைவிட்டு ஓரங்குலம் எழும்பியது.

முதல் வருடம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டியூயி மட்டும் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, காற்றோட்டம் நல்லதுதான் என்றார். இரண்டாம் கோடையில் வீடு அரையடி உயர்ந்தது. கோழிகள் அடியில் போய் முட்டையிட்டன, குழாய்களுக்கு நீளமான ரப்பர் இணைப்புப் போட வேண்டிவந்தது. மூன்றாம் கோடையில் மூன்றடி. கட்டட ஆய்வுக்கு வந்த மாவட்ட அதிகாரி மண்டியிட்டு அடியில் பார்த்தார், எழுந்து முழங்காலைத் தட்டினார், 'அஸ்திவாரம்' என்ற கட்டத்தில் 'உண்டு. அருகில்' என்று எழுதிவிட்டுப் போனார். அவருடைய படிவத்தில் வேறு கட்டம் இல்லை.

வீடு சும்மா உயரவும் இல்லை, மலை இருக்கிற திக்கில் இழுத்தது. வெண்டல் மரக்கட்டைகளை லாரியில் இறுக்கிக் கட்டுகிற நாலு சங்கிலிகளைக் கொண்டுவந்து, வீட்டின் நாலு மூலையையும் நாலு பழைய ஊசியிலை மர அடிக்கட்டைகளோடு கட்டினார். கூடத்தில் ஒரு பட்டறைக்கல்லையும் எட்டு லாரிச் சக்கரங்களையும் ஏற்றினார். அக்கம்பக்கத்தாரை விருந்துக்குக் கூப்பிட்டார்; முப்பத்தியாறு பேர் ஏணி வைத்து ஏறி வந்ததும் வீடு நாலங்குலம் இறங்கியது, இனிப்புப் பரிமாறியதும் இன்னும் அரை அங்குலம் இறங்கியது, எல்லோரும் விடைபெற்றதும் பழையபடி ஏறியது. காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: புகைபோக்கிக் கற்கள் மலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. வெண்டலுக்கும் தெரியும். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் அவர். ஆற்றங்கரை மண் தாழ்ந்துகொண்டு போகிறது, வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்றார்.

நாலாம் வருடம் வசந்தத்தில், வீடு ஆளுயரத்தைத் தாண்டியிருந்தபோது, நோரீனுக்கு வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூட்டே புதிது. சமதரையில் நடக்கலாம், குச்சியூன்றி ஏற்றத்திலும் நடக்கலாம், ஏணி மட்டும் கூடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நோரீன் எரிமலைப் பள்ளியின் தொண்டர் கூடாரத்துக்குக் குடிபோனார். வெள்ளிக்கிழமைதோறும் வந்து வீட்டுக்கு அடியில் நின்று கூப்பிடுவார். வெண்டல் கயிறு இறக்குவார். அழுக்குத்துணி மூட்டை கீழே வரும், உருளைக்கிழங்குப் பதார்த்தம் மேலே போகும். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடமான தம்பதியின் குடித்தனம் கயிற்றில் நடந்தது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை தென்மேற்குச் சங்கிலி அறுந்தது. பாரம் தாங்காத லாரியின் வில்பட்டை தெறிக்கிறதுபோலச் சத்தம். கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை. வீடு மெதுவாகத் திரும்பி, வாசற்கதவு நேராக மலையைப் பார்த்தபடி நின்றது. நோரீன் வந்தபோது வாசல் இருந்த இடத்தில் குளியலறை ஜன்னல் இருந்தது. சுற்றிக்கொண்டு போனார். வெண்டல் தலைக்குமேலே வாசலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் மூணு சங்கிலி இருக்கு," என்றார்.

"அதுவும் அறுந்தா?"

"அறுந்தா என்ன, வீட்டோட போறேன். உச்சிக்கு உச்சி."

"சரி, போ. நான் வரமாட்டேன்," என்றார் நோரீன். "ரெண்டு படி. அதுக்கு மேல ஒரு அங்குலம் கூட இந்த முட்டி ஏறாது. ரெண்டு படிக்கு இறக்கு, வீட்டுக்கு வரேன். இல்லேன்னா குளிர்காலத்துக்கு முன்னாடி லாங்வியூ டவுன்ல ரூம் பாக்கப் போறேன். நிரந்தரமாத்தான்."

"ஒரு கல்லுக்காகவா?"

"கல்லுக்காக இல்ல, வெண்டல். நாப்பத்தொரு வருஷத்துல நீ எதுக்காவது ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கியா? எங்கம்மா நாய் மேல லாரிய ஏத்தினப்போ என்ன சொன்ன?"

வெண்டல் தொங்கின காலை மேலே இழுத்துக்கொண்டார். "நாய் வானொலியில குரல் குடுக்கலன்னு சொன்னேன்."

"ஆங்." நோரீன் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டார். பதார்த்தம் அன்று மேலே போகவில்லை.

திங்கட்கிழமை காலை வெண்டல் எரிமலைப் பள்ளி வாசலில் தகரப்பெட்டியோடு நின்றார். கோடை வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிற மரிசோல், இருபத்தொன்பது வயதுப் பெண், அவரை அடையாளம் தெரிந்தும் தெரியாதவள்போலப் படிவத்தை நீட்டினாள். பதிவு செய்யாத ஆள் கல் வைக்கக்கூடாது, எட்டு மணி நேரப் பயிற்சி, பச்சை மேலங்கி கட்டாயம், ஒரு நாளைக்கு இரண்டு கல்லுக்குமேல் கூடாது, எடுத்தவரே நேரில் வந்தால் மன்னிப்பு அவர்தான் கேட்க வேண்டும். வெண்டல் எட்டு மணி நேரமும் கடைசி வரிசையில் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். எடுத்த இடம் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். லாரிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? நானூற்று இருபத்தெட்டுக் கல்லுக்கும் மைல் எண், வளைவு, சாலையின் எந்தப் பக்கம் என்பது வரை ஒப்பித்தார். எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது என்பதில்தான் மாட்டிக்கொண்டார். முப்பது வருடம் காரைக்குள் இருந்த கற்கள். எல்லாப் பக்கமும் ஒரே நிறம்.

"கேட்டுப் பாருங்க," என்றாள் மரிசோல்.

"யார்கிட்டம்மா?"

"கல்லுகிட்டதான். வேற யாருக்குத் தெரியும்?"

புகைபோக்கியிலிருந்து பெயர்த்த முதல் கல்லைப் பதினோராவது மைலில், பழைய மரக்குவியல் இருந்த இடத்துக்கு இடதுபுறம் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்; ஓர் எல்க் மானைத் தவிர யாருமில்லை. மானுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, மரத்தூள் தொண்டையில் சிக்கினவர்போல மூன்று தரம் செருமிவிட்டு, "சரி. மன்னிச்சிடு," என்றார். கல் தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப்போல ஒருதரம் திரும்பிப் படுத்தது. இரண்டாவது கல் திரும்பவேயில்லை. அது முதலிலேயே சரியாக வைக்கப்பட்டிருந்தது என்று வெண்டல் தொண்டர் பதிவேட்டில் எழுதினார். பாராட்டு தனக்கு என்பதுபோல எழுதினார்.

அந்த வருடம் பனி விழும்வரை நாற்பது நடை. நோரீன் லாங்வியூவில் ரூம் பார்த்தார். பிடிக்கவில்லை என்று குளிர்காலத்துக்குத் தங்கையின் வீட்டில் இருந்துகொண்டார். அடுத்த வருடம் நூறு நடை. கற்களுக்குப் பெயர் வைப்பது விதியில் பிள்ளைகளுக்கு மட்டும்தான், இருந்தாலும் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகக் கிடப்பது அழகில்லை என்று வெண்டல் அதையும் நிரப்பினார். மன்னிப்புகளும் நீண்டன. எடுத்ததற்கு மட்டும் எத்தனை தரம் கேட்பது? ஆகவே ஆறாவது மைலில் ஒரு கல்லிடம், தம்பி கல்யாணத்துக்குப் போகாததைச் சொன்னார். ஒன்பதாவது மைலில், நோரீனின் பிரசவத்தன்று ஓவர்டைம் பார்த்ததைச் சொன்னார். அவை நல்ல கற்கள், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை நோரீன் அளவு நாடாவோடு வந்தார். வாசல் தரையிலிருந்து பதினான்கு அங்குலம். இரண்டு படிகள். வெண்டல் பலகை அடித்துவைத்திருந்தார். நோரீன் நல்ல காலை முதலில் வைத்து, குச்சியையும் புது மூட்டுக் காலையும் பிறகு வைத்து, ஏறி உள்ளே போய், பட்டறைக்கல்லின்மேல் பையை வைத்துவிட்டு, இந்தச் சக்கரங்களெல்லாம் எப்போது வெளியே போகும் என்று கேட்டார்.

கல் வைக்கத் தொடங்கிய மூன்றாம் கோடையில் வீடு தரையைத் தொட்டது, ஆனால் திரும்பிய வாக்கிலேயே உட்கார்ந்தது. வாசல் இன்றைக்கும் மலையைத்தான் பார்க்கிறது. தபால்காரர் சுற்றிக்கொண்டு வருகிறார். அந்த ஆகஸ்டில் மலையை அளந்தவர்களுக்கு ஒன்பதடி கூடுதலாக வந்தது. கருவியில் பிழை என்று எழுதி, அடுத்த வருடமும் அதே பிழையை அதே அளவில் எழுதினார்கள்.

ஆனால் அளக்க வருவதற்கு முந்தின வாரம், கடைசிக் கல் மட்டும் பாக்கியிருந்தது. நாற்காலியில் ஏறிய காலுறைக்காரர்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டு வழுவழுப்பான உச்சிக்கல். வெண்டல் அதைத் தகரப்பெட்டியில் தனியாக வைத்துக்கொண்டு, பழைய மண்சாலையில் பச்சை மேலங்கியோடு நடந்தார். எதிரே வர லாரி கிடையாது. அந்தச் சாலையில் லாரி ஓடி இருபது வருடமாகிறது. இருந்தாலும் பதினோராவது மைல்கல்லில் நின்று, "பதினொண்ணு, லோடு, மேல," என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வளைவில் திரும்பினார்.

கல் லேசில் படுக்கவில்லை. இந்தப் பக்கம் புரண்டது, அந்தப் பக்கம் புரண்டது. முப்பது வருடம் கூடத்தில் சொகுசாக இருந்த கல். முகாம் பிள்ளைகளோடு அந்த வழியாக வந்த மரிசோல், தூரத்திலேயே கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள். வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கல்லுக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மாமியாரின் நாயைப் பற்றி முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். குரல் கொடுத்திருக்க வேண்டியது தான்தான் என்றார். அப்புறம் உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு, தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார். கரகரத்த குரல், இரண்டே வரி, திரும்பத் திரும்ப. கல் அடங்கிப் படுத்தது.

இன்னும் கொஞ்ச நேரம் பாடினார். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தகரப்பெட்டியை மூடினார்.

"பதினொண்ணு," என்றார், யாருக்கென்று இல்லாமல். "காலி. கீழ."