கிணற்றுக்குள் போன குதிரைப்படைத் துவக்கு

அந்தத் துவக்கைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்புத்தான் வரும். கைத்துப்பாக்கி என்று சொல்லக் கூடிப்போன நீளம், துவக்கு என்று சொல்லக் காணாத நீளம். குதிரையில் இருக்கும்போது ஒற்றைக் கையால் சுட வேண்டும். இறங்கிவிட்டால் பின்னால் ஒரு மரக்கட்டையைப் பூட்டித் தோளில் வைத்துச் சுடலாம். வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா யூலியானாவின் பூட்டன் அந்தக் காலத்துக் குதிரைப்படையில் அதைச் சேணத்தில் கொளுவிக்கொண்டு திரிந்தாராம். இப்போது அது பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், சிஞ்ஞோராவின் பழைய வீட்டுச் சாப்பாட்டறைச் சுவரில் தொங்கியது. ஞாயிறுதோறும் கட்டையைப் பூட்டித் தன் மடியில் வைக்கச் சொல்வார். வேலைக்கு நின்ற நாகபூசணி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுத்துக் கொடுப்பாள்.

ஒருநாள் சிஞ்ஞோரா மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நாகபூசணி எட்டிப் பார்த்தாள். பொலிஸ். அவளுடைய மூளை நின்றுவிட்டது, கை மட்டும் வேலை செய்தது. துவக்கையும் கட்டையையும் கழற்றினாள். மாடிச் சமையலறைச் சுவரில், கீழே இருக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளுவதற்கென்று முன்னோர் வைத்த சின்னக் கதவைத் திறந்து, இரண்டையும் கிணற்றுக்குள் போட்டாள். அவளுடைய ஊரான உரும்பிராயில் ஆமி வந்தால் ஊரே செய்த வேலை அது. இயக்கப் பெடியள் வைத்துவிட்டுப் போன துவக்கோடு கிணற்றடிக்கு ஓடிய அவளுடைய அண்ணன் கிருபன் மட்டும் பாதி வழியில் பிடிபட்டான். பிறகு அவனைக் கண்டவர் யாரும் இல்லை.

பொலிஸ்காரர் கீழ்வீட்டில் களவுபோன மோட்டார் சைக்கிளைப் பற்றி விசாரித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்கள். நாசமாய்ப் போன பயம்! பலெர்மோவில் இத்தனை வருடம் இருந்தும் அது அவளை விட்டுத் தொலையவில்லை.

எழும்பி வந்த சிஞ்ஞோரா வெறுஞ்சுவரைப் பார்த்தார். நாகபூசணியை ஒரு சொல் கேட்கவில்லை. முதல்நாள் வந்துபோன ஒரே மகன் றொசாரியோவின் தலையில்தான் பழி விழுந்தது. வீட்டுச் சாமான்களை முன்பும் ஒவ்வொன்றாக விற்றவன் அவன்.

“இனி அவன் வந்தால் கதவைத் திறவாதை” என்றார்.

நாகபூசணி நடந்ததைப் புருசன் ஆனந்தராசாவிடம் சொன்னாள். அவன் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினான்.

“வாயைத் திறவாதை. துவக்கெண்டு கதை போனால் இஞ்சை இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிச்சுத் தரமாட்டாங்கள். எல்லாரையும் ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. சிஞ்ஞோரா படுத்த படுக்கையானார். இனி நாட்கணக்குத்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். றொசாரியோ கீழே நின்று மணியை அடித்தபடியே இருந்தான். நாகபூசணியின் தாய் கிருபனுக்காக வாசல் படலையைப் பார்த்துப் பார்த்தே செத்தவர். இங்கேயும் அதே பாவம், அதுவும் தன் கையால். பெர்மெஸ்ஸோ போனால் போகட்டும் என்று கட்டிலடியில் குந்தினாள்.

“சிஞ்ஞோரா, அவர் எடுக்கேல்லை. நான்தான் எடுத்தனான். பொலிசுக்குப் பயந்து கிணத்துக்குள்ளை போட்டிட்டன்.”

“சுவரிலை தொங்கின பழைய சாமானுக்கு ஏன் பொலிசுக்குப் பயப்பிட வேணும்?”

“எங்கடை ஊரிலை அப்பிடித்தான், சிஞ்ஞோரா. கிணத்தை இறைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ.”

சிஞ்ஞோரா அவளுடைய கன்னத்தைத் தடவினார்.

“நீ நல்லவள், நாகா. அழுது உன்னையும் கரைச்சுப்போட்டான். அவனுக்காகப் பொய் சொல்லாதை.”

மணி மறுபடியும் அடித்தது. நாகபூசணி இறங்கிப்போய்க் கதவைத் திறந்து அவனைக் கூட்டிவந்தாள். “மம்மா” என்று அவன் கட்டிலருகே வந்தான். சிஞ்ஞோரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மூச்சு அடங்கும் வரைக்கும் அவர் நாகபூசணியின் கையைத்தான் பிடித்திருந்தார்.