ஷாலின் கை வைத்த மண்

ஷாலினுக்கு நாலு வயது. முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் ஓயாத அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் வெடித்து நீர் வடியும். ஒரகடத்தில் புதிதாக எழுந்த நகருக்குக் குடிவந்ததிலிருந்து அவள் அம்மா கிளாரா வீட்டை பினாயில் போட்டுத் துடைத்தபடியே இருந்தாள். குழந்தையை வாசலில்கூட விடுவதில்லை.

வாலாஜாபாத் டாக்டர் ரகுபதி வேறு மாதிரி சொன்னார். களிம்பை நிறுத்தக் கூடாது. ஆனால் பிள்ளையை மரம், செடி, மண் இருக்கிற இடத்தில் விளையாட விடுங்கள் என்றார். மண்ணில் இருக்கும் கிருமிகள் எல்லாமே எதிரிகள் இல்லை. சிறுவயதில் அவற்றோடு பழகினால், எதை எதிர்ப்பது, எதை விட்டுவிடுவது என்று உடம்பு கற்றுக்கொள்ளலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் கிளாராவின் காதில் நின்றது. தெருமுனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கணவன் ஜெபதாஸ் கேட்கும்போதெல்லாம் சண்டை வந்தது.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போய் இறங்கியவள், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாள். ஷாலின் இல்லை. கட்டிலடியில் இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. தெருமுனையைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் பறக்கும் ரோடு. கிளாரா செருப்பில்லாமல் ஓடினாள். ரோட்டில் பிரேக் கிறீச்சிட்டது. குறுக்கே வந்த மாட்டுக்காக லாரி நின்றிருந்தது.

அப்போது, ஷிப்ட் முடிந்து வரும் வழியில் குழந்தையைப் பூங்காவில் கண்ட ஜெபதாஸ் அங்கிருந்து கைகாட்டிக் கூப்பிட்டான். புங்க மரத்தடியில், மழையில் ஊறிய மண்ணுக்குள் இரண்டு கைகளையும் விட்டு உட்கார்ந்திருந்தாள் ஷாலின். வாயோரமும் சேறு. கிளாரா அவளை வாரி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடப் பார்த்தாள். ஜெபதாஸ் மறித்தான்.

“கொஞ்ச நேரம் வுடு, கிளாரா.”

“புண்ணுல மண்ணு பட்டு சீழ் வெச்சிக்கினா இன்னா பண்ணுவீங்க?”

“நான் வந்ததுலேர்ந்து அவ ஒரு வாட்டிகூட சொறியல. நீயே பாரு.”

கிளாரா குழந்தையை இறக்கிவிட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புண்களைக் கழுவிக் களிம்பு தடவினாள். அந்த வாரம் முழுக்கப் பயந்து பயந்து மடிப்புகளைப் பார்த்தாள். சீழ் வைக்கவில்லை. பிறகு அவளே கூட்டிப் போகத் தொடங்கினாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் வெடிப்புகள் ஆறி, அரிப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. மண்ணாக இருக்கலாம், களிம்பாகவும் இருக்கலாம், வயது ஏற ஏறத் தானாகக் குறைவதும் உண்டு என்றார் ரகுபதி. கிளாரா அதற்குமேல் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் பூங்காவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஷாலின் அவள் கையைப் பிடித்து ஒரகடம் பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.