கையில்லாதவள் தூக்கிய பிள்ளை

பனிச்சங்கேணிக் களப்புக்குள் கடலிலிருந்து ஒரு டொல்பின் வந்து அகப்பட்டுக்கொண்டது. மாரி வெள்ளத்தில் கடலுக்குத் திறந்த முகத்துவாரம் மணல் மூடி ஒடுங்கிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு நாளில் அடைத்துவிடும். அடைத்தால் அது வெளியே போக முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில், இந்த வெயிலில், எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்?

அது தனியே வரவில்லை. செத்த குட்டியை மூக்கில் தாங்கிக்கொண்டு திரிந்தது. குட்டி வழுக்கி அமிழும். தாய் கீழே போய்த் திரும்பவும் மேலே கொண்டுவரும்.

வதனியின் புருஷன் நிலோஜனும் கூட்டாளிகளும் நல்ல மனசோடுதான் அந்தப் பிழையைச் செய்தார்கள். வீட்டில் பச்சைப்பிள்ளை செத்தால், ஆண்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் அடக்கிவிடுவார்கள். தாய் வாசலோடு நின்றுவிடுவாள். அதே முறைதான் இங்கேயும். வலை வீசிக் குட்டியை எடுத்து, கரை மணலில் குழி வெட்டி, பால் ஊற்றி அடக்கினார்கள்.

"இனி அது தன்ட பாட்டுல கடலுக்குப் போயிரும்" என்றான் நிலோஜன், பெரிய புண்ணியம் செய்தவன்போல.

போகவில்லை. வலை போட்ட இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் காலை வதனி கரையில் நின்று பார்த்தாள். இந்தத் தேடலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

கட்டாரில் வீட்டு வேலைக்குப் போனவள் அவள். வாய்த்த முதலாளிக்கோ மிருகப் பைத்தியம். சட்டி கழுவப் போனவள் கூண்டுச் சிம்பன்சிக்குச் சாப்பாடு கொடுக்கிறவளாகவும் ஆனாள். ஒருநாள் அந்தச் சிம்பன்சியின் குட்டி செத்தது. ஒன்பது நாள் அதை நெஞ்சோடு அணைத்தபடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது தாய். நாறுகிறது, எடு என்றாள் வீட்டுக்காரி. வதனி வாழைப்பழத்தைக் காட்டி, குட்டியைப் பறித்தாள். பிறகு அந்தத் தாய் கூண்டின் மூலை முடுக்கெல்லாம் வைக்கோலைப் புரட்டித் தேடியது.

ஒருத்தி மரமேறப் பிறந்தவள், நம்மைப்போல ஐந்து விரல்காரி. மற்றவள் கடலில் பிறந்தவள், கையுமில்லை, காலுமில்லை. ஒருவரையொருவர் கண்டிருக்கவே மாட்டார்கள். இவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? கை இருந்தவள் அணைத்தாள். கை இல்லாதவள் முகத்தாலேயே தூக்கினாள், அம்மாடி!

வீட்டுக்கு ஓடிப்போய் நிலோஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பிள்ளையத் தோண்டி எடுங்க. தோணியோட முகத்துவாரத்தால கொண்டுபோவம். தாய் பின்னால வரும்."

"விசரா உனக்கு? புதைச்சதைத் தோண்டினா ஊர் காறித் துப்பும்."

"துப்பட்டும். நானும் வாறன்."

"பிள்ளையடக்கத்துக்குப் பொம்புள போறல்ல, தெரியுந்தானே?"

"தாயே போகக்குள்ள எனக்கென்ன?"

அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வெட்டத் தொடங்கினாள். மூன்றாவது வெட்டில் நிலோஜன் வந்து அதை வாங்கிக்கொண்டான்.

தோணியோரம் குனிந்து, குட்டியைத் தண்ணீரில் பிடித்தபடி இருந்தாள் வதனி. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே 'புஸ்' என்று ஒரு மூச்சு. தாய் வந்துவிட்டது. நிலோஜன் மெதுவாகத் துடுப்புப் போட்டான். முகத்துவாரத்தில் தோணியின் அடி மணலில் உரசியது. அவன் இறங்கித் தள்ளினான். பின்னால் டொல்பின் வயிறு தட்டி நின்றுவிட்டது. அது ஒருபக்கம் சரிந்து, வாலால் மணலை அடித்து, துள்ளி, ஒரு அலை வந்த நேரம் பார்த்து வெளியே விழுந்தது.

கடலில் அது தோணியோடு ஒட்டி வந்தது. மூக்கைக் குட்டிக்குக் கீழே கொடுத்தது. இழுக்கவில்லை, பறிக்கவில்லை. ஒரு கண்ணால் வதனியைப் பார்த்தபடி காத்திருந்தது. அவளுக்குத்தான் விரல்களை எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் எடுத்தாள். குட்டி மூக்கின்மேல் ஏறியது. ஒரு மூச்சு, தூரத்தில் இன்னொரு மூச்சு, அவ்வளவுதான்.

நிலோஜன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அந்தச் சிம்பன்சி, குட்டிய எடுத்த மறுகா, உன்ட கையால சாப்பிட்டதா, வதனி?"

"நான் அங்க இரிந்த மட்டும் அது என்ட முகத்தையே பார்க்கல்ல" என்றாள் அவள். "இது பார்த்துப்போட்டுத்தான் போகுது."