வாய்விட்டுப் படிக்கிற ஆள்

விடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சின்னவள் மூன்றாவது தடவையாக இமேஜ் கட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்து நாலு மாதம். அந்த அறையிலேயே இளையவள் என்பதால் அந்தப் பெயர். ஏசிக் காற்று பிடரியில் ஊசியாய்க் குத்தியது. பதினோரு மணி நேரமாகத் தட்டிய மணிக்கட்டு மரத்துக் கிடந்தது. கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி எரிச்சல்.

இமேஜ் என்றால் படமல்ல. ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான சாமான் அத்தனையையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, மேலே பதிப்பு எண் எழுதிய சீட்டை ஒட்டுவது. உள்ளே எங்காவது ஓட்டை என்று தகவல் வந்தால் பிரித்து, அடைத்து, மறுபடி கட்ட வேண்டும். அவள் கட்டுகிற பொட்டலம் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் ஐந்து சர்வர்களுக்குப் போகும். எந்தச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது என்று மற்ற இயந்திரங்களெல்லாம் அந்த ஐந்தைத்தான் கேட்கும். அதில் குறைந்தது மூன்று ஒத்துப்போனால்தான் பதில் வரும். அதனால் அவர்களுக்குள் அதற்குப் பெயர் 'பஞ்சாயத்து'. ஒன்றை நிறுத்தி, புதுசை ஏற்றி, அது கூட்டத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம்.

முன்பெல்லாம் இதற்கு இரண்டு பேர். ஒருவர் அடிப்பார், பக்கத்தில் இருப்பவர் திரையில் உள்ளதை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். அவர் படித்து முடிக்காமல் பொத்தானைத் தொடக் கூடாது. போன மாதம் முதலாளி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். "இது என்ன பாட்டு கிளாஸா, ஒருத்தர் பாட ஒருத்தர் பின்பாட்டுப் பாட? ஒரு வேலைக்கு ஒரு ஆள் போதும்." ஒரு சர்வருக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருக்கும் பத்து நிமிடத்தையும் பூஜ்யமாக்கச் சொன்னார்.

சீட்டில் எண் எழுத வேண்டிய இடத்தில் 'லேட்டஸ்ட்' என்று கிடந்தது. சோதனைக்குக் கட்டும்போது போடுகிற பெயர் அது; அதைக் கண்டால் எந்தச் சர்வரும் தானாகவே புதுசை இழுத்துக்கொள்ளும். சின்னவள் அதை மாற்ற மறந்தாள். படித்துச் சொல்லப் பக்கத்தில் யாருமில்லை. பொத்தானை அழுத்தினாள்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் ஐந்து சர்வர்களும் ஒரே மூச்சில் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை இழுக்க ஆரம்பித்தன. திரை முழுக்கச் சிவப்பு. பஞ்சாயத்து கலைந்துவிட்டது.

மீட்டெடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஆம்புலன்ஸ் கேட்டு அழைத்தவர்களுக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்ல வழியில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று எட்டு மணிக்குத் தெரிந்தது. ஒரு பெரியவர் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் இருபத்துமூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தாராம்.

அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அன்று இரவு அந்தக் குழுவின் நாலு பேருக்குமே வேலை இருந்தது. மற்ற மூவரும் வீட்டிலிருந்து செய்தார்கள். சர்வருக்குள் நுழைய நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சாவிதான் வாங்கிக் கொடுத்திருந்தார் முதலாளி. யார் செய்தாலும் பதிவில் ஒரே பெயர்தான் விழும். அந்த நிழலில் அவள் ஒளிந்துகொண்டாள்.

ஒன்பது மணிக்கு மூவரும் வந்தார்கள். ஒவ்வொன்றும் அவளுக்குத் தப்பாகவே பட்டது. கண்ணாடி அண்ணன் தன் திரையை லேசாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தவள் இவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். எப்போதும் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணயரும் தூங்குமூஞ்சி, இன்று கொட்டக்கொட்ட விழித்திருந்தான். எதற்காம்?

முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசியாகச் சின்னவள். கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் தள்ளினார்.

"குடிம்மா. பயப்படாதே. மத்த மூணு பேரும் உன் பேரைத்தான் சொல்றாங்க. எனக்கென்னவோ நம்பத் தோணல. வேற யாராவதுன்னா இப்பவே சொல்லிடு. ஒரு பேர் போதும். அந்த ஆளை அனுப்பிட்டு விஷயத்தை முடிச்சிடலாம்."

மூன்று பேருமா? அக்காவுமா? தூங்குமூஞ்சியின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் தூக்கத்தில் அழுத்திவிட்டான் என்றால் ஊரே நம்பும். அம்மாவுக்கும் தம்பிக்கும் அவள் ஒருத்தி சம்பளம்தான்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"மதியம் வரைக்கும்தான்."

பின்பக்கப் படிக்கட்டில் அழலாம் என்று போனாள். அங்கே மூவரும் ஆளுக்கொரு படியில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிவிடலாமா என்று அவள் தயங்கியபோது கண்ணாடி அண்ணன் கேட்டார்:

"என்ன, தண்ணி குடுத்தாரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் குடுத்தாரே. குடிச்சேன். அதுக்கப்புறம் பயப்படாதேன்னாரு. அப்பதான் பயமே வந்துச்சு."

அக்கா மெல்லத் தலையைத் தூக்கினாள். "மத்த மூணு பேரும் உன் பேரைத்தான்..."

"...சொல்றாங்க," என்று தூங்குமூஞ்சி முடித்தான். "எனக்கென்னவோ நம்பத் தோணல. அடப்பாவி மனுஷா! ஒரே வசனத்தை நாலு பேருக்கும் ஓட்டியிருக்காரு! நான் காலையிலேர்ந்து உங்களையெல்லாம் முறைச்சுக்கிட்டு, தூக்கமும் போச்சு."

யாரோ சிரித்தார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான்தான் அழுத்தினேன். லேட்டஸ்டுன்னே விட்டுட்டேன்." தூங்குமூஞ்சி பக்கம் திரும்பினாள். "உன் பேரைச் சொல்லத்தான் இருந்தேன்ணா."

தூங்குமூஞ்சி தலையைச் சொறிந்தான். "நான் அக்கா பேரைச் சொல்ல இருந்தேன்," என்றான். அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"சரி, கேளுடி," என்றாள் பிறகு. "நீ தப்பா எழுதினே. வாஸ்தவம். அந்தப் பெரியவர் உக்காந்திருந்ததை நாம யாரும் மறக்க வேண்டாம். ஆனா படிக்கிற ஆளை எடுத்தது யாரு? பத்து நிமிஷத்தைப் பிடுங்கினது யாரு? உன்னை அனுப்பிட்டா அடுத்த வாரம் இதே தப்பு என் கையில வரும்."

அங்கேயே, அக்காவின் முழங்காலில் தாளை வைத்து எழுதினார்கள். நடந்தது நடந்தபடி. கீழே மூன்று வரி: படிக்கிற ஆள் திரும்ப வர வேண்டும். பத்து நிமிடம் திரும்ப வர வேண்டும். ஆளுக்கொரு சாவி வேண்டும். அதுவரை எந்த இமேஜையும் ஏற்ற மாட்டோம். நாலு கையெழுத்து.

முதலாளி தாளைப் படித்தார். காது மடல் சிவந்தது.

"நான் ஒரு பேர்தானே கேட்டேன்?"

"நாலு இருக்கு சார். எண்ணிப் பாத்துக்கோங்க," என்றார் கண்ணாடி அண்ணன்.

"சாயங்காலத்துக்குள்ள அடுத்த ஓட்டையை அடைச்சாகணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். பக்கத்துல ஒரு ஆளை உக்கார வைங்க, இப்பவே அடைச்சுத் தர்றோம்," என்றாள் அக்கா.

"வெளியில நாப்பது பேர் இந்த வேலைக்கு நிக்கிறாங்க."

"அவங்களுக்கும் பக்கத்துல படிக்க ஆள் வேணும் சார்," என்றான் தூங்குமூஞ்சி.

முதலாளி மூவரையும் விட்டுவிட்டுச் சின்னவள் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார்.

"நீ சின்னப் பொண்ணு. இவங்க பேச்சைக் கேட்டுக் கெட்டுப் போகாதே. உன் பேரை மட்டும் அடிச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

அவள் பேனாவை வாங்கினாள். அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். தாளை மேசையில் நேராக வைத்து, குனிந்து, தன் கையெழுத்தைத் தேடினாள். கோழி கிறுக்கின மாதிரி ஒரு ஓரத்தில் கிடந்தது.

"மொதல்ல போட்டது கை நடுங்கிச் சரியா விழல சார்," என்று சொல்லி, அதன் மேலேயே அழுத்தி இன்னொரு தடவை எழுதினாள்.

முதலாளி பேனாவுக்குக் கையை நீட்டினார். அதற்குள் அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க சார். என்னுதும் மங்கலாத்தான் இருக்கு."