நிலாவுக்குப் போன மச்சான்

குடும்ப வாட்ஸப் குரூப்பில் அந்தப் போட்டோவைப் போட்டிருக்கவே கூடாது. மூச்சுக் கருவியின் முகமூடியை மாட்டிக்கொண்டு அயர்ந்து தூங்கிய மச்சானைப் படம் பிடித்து, ‘மச்சான் நிலாவுக்குக் கிளம்பிட்டாரு, யாராவது டிபன் கட்டிக் குடுங்க’ என்று எழுதி அனுப்பிவிட்டார் மூக்குக்காரர்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுதான் பெயர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களின் மூக்குக்குத் தோதாக முகமூடி மாட்டிவிடுவதும், பாதியில் கழற்றிப் போடுகிறவர்களைக் கெஞ்சி, கொஞ்சி, மிரட்டி மறுபடி மாட்ட வைப்பதும் அவர் வேலை. ஊரார் மூக்கையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்த மனுஷன், சொந்த அக்கா புருஷன் மூக்கில் கோட்டை விட்டார். குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று ராத்திரியிலிருந்து மச்சான் கருவியைத் தொடவில்லை. கருவி தினமும் கணக்கு அனுப்புகிற ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே வெறும் வெள்ளை.

மச்சான் பஸ் ஓட்டுகிறவர். கருவியைப் போட்டுக்கொள்கிற வரைக்கும்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மூக்குக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார்.

“போட்டுக்கறாருடா, போட்டுக்கறாரு.”

“கம்ப்யூட்டர் இல்லேங்குதேக்கா?”

“அப்போ கம்ப்யூட்டர்கிட்டயே பேசிக்கோ.” போனை வைத்துவிட்டாள்.

மச்சானைக் கேட்டால் ஒரே பதில்தான்: “பாக்கலாம் மாப்ளே.”

தானும் முகமூடி மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து, மன்னிப்புக் கேட்டு குரூப்பில் போட்டுப் பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகுதான் அந்தச் சேதி வந்தது. சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லையாம். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினாராம். மூக்குக்காரர் போட்டது போட்டபடி டிப்போவுக்கு ஓடினார்.

கழுவுவதற்காக நிறுத்தியிருந்த காலி பஸ்ஸில், டிரைவர் சீட்டில், மோவாய் நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார் மச்சான். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் மடியில் கிடந்தது. கொர்ரென்று இழுத்த மூச்சு சட்டென்று நின்றது. மூக்குக்காரர் அடுத்த கொர்ருக்காகக் காத்திருந்தார். வரவில்லை. தினம் பார்க்கிற கண்றாவிதான்; ஆனாலும் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“மச்சான்!”

விக்கலோடு திமிறி விழித்தார் மச்சான்.

“நான் போட்ட போட்டோதானே காரணம்? கால்ல விழறேன். செருப்பால அடிங்க. அடிச்சிட்டு முகமூடியை மாட்டிக்கோங்க.”

“போட்டோவா? அதை எங்க டிப்போ குரூப்புக்கு நானே அனுப்பினேன். பிரமாதமா இருந்துச்சு.”

“பின்னே என்ன? மூக்கு காயுதா? காத்து வேகமா அடிக்குதா? மாத்தித் தரேன் மச்சான்.”

“பாக்கலாம் மாப்ளே.”

“பாக்கறதுக்கு நீங்க இருக்கணுமே!” கைவசம் எப்போதும் ஒரு ஜோக் இருக்கும். தேடிப் பார்த்தார், இல்லை. “அக்கா இன்னொரு சாவைத் தாங்க மாட்டா. ஏன்னு மட்டும் சொல்லிடுங்க.”

பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு மேலே ஒரு மஞ்சள் ஹேர்கிளிப் செருகியிருந்தது. மச்சானின் இளைய மகள் சின்னவளுடையது. அவள் இறந்து சில வருஷமாகிறது. அந்த வீட்டில் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லை. மூக்குக்காரரும் அந்தப் பக்கம் பார்க்காமலே ஜோக்கடிக்கப் பழகியிருந்தார். மச்சான் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முகமூடியைப் போட்டா நல்லா தூங்கறேன்டா. நல்லா தூங்கினா கனவு வருது. இத்தனை வருஷமா வந்ததே இல்ல. இப்போ தினம் சின்னவ வர்றா. முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு ஹாரன் அடிங்கப்பான்னு உயிரை எடுக்கறா. நானும் அடிக்கறேன், சிரிக்கறா. விடிஞ்சதும் முகமூடியைக் கழட்டறேன், அவ இல்ல. தினம் காலையில புதுசா சாகறா மாப்ளே. பக்கத்துல உங்க அக்கா படுத்திருக்கா. அவகிட்ட இதை எப்படிச் சொல்லுவேன்? அதான் போடல.”