சகஸ்தி வீட்டுப் பலகை

மழை மட்டும் வராமல் இருந்திருந்தால் மிகேலா தப்பித்திருப்பாள். கடற்கரையில் நடக்கலாம் என்றுதான் உர்சுலாவைப் பஸ்ஸில் கடலோர நகரமான தொனோஸ்தியாவுக்குக் கூட்டி வந்தாள். இறங்கியதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒதுங்க இடம் தேடிய உர்சுலாவின் கண்ணில், குன்றடியில் இருந்த அந்தப் பழைய மடம் பட்டுவிட்டது. துறவிகள் இருந்து, பிறகு பட்டாளம் இருந்து, இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட கட்டடம். மிகேலா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். முதலில் சாப்பிடுவோம், நெத்திலியும் மிளகாயும் குச்சியில் குத்தித் தருவார்கள் என்று ஆசை காட்டிப் பார்த்தாள். அரை ஆயுளை அர்ஜென்டினாவில் மாட்டுப் பண்ணையில் கழித்துவிட்டு நேற்றுத்தான் வந்திறங்கியவள் உர்சுலா. நெத்திலிக்கெல்லாம் மசிகிற நிலையில் அவள் இல்லை.

உள்ளே ஒரு பலகை இருந்தது. மிகேலாவின் பயமெல்லாம் அதுதான்.

மலைக் கிராமத்தில் இருவருடையதும் அடுத்தடுத்த வீடு. மிகேலா வாழ்க்கைப்பட்டது சகஸ்தி வீட்டில். உர்சுலா பிறந்தது இரியார்தே வீட்டில். அங்கே வீட்டுக்கு ஒரு மரப்பலகை உண்டு. மெல்லிய மெழுகுத்திரியை அதில் கயிறு மாதிரிச் சுற்றி, ஞாயிறு பூசையில் வீட்டுக்காரி ஏற்றி வைப்பாள். அந்த வீட்டில் இறந்தவர்களுக்கு அதுதான் வெளிச்சம். ஏற்ற ஆளில்லாமல் போனால் அடுத்த வீட்டுக்காரி ஏற்ற வேண்டும். அது உதவி இல்லை, கடமை. உர்சுலாவின் அம்மா கண்ணை மூடியபோது இரியார்தே பலகை மிகேலாவின் கைக்கு வந்தது அப்படித்தான்.

ஏற்றினாள், கொஞ்ச காலம். பிறகு பழம்பொருள் சேகரிக்கும் ஒருவர் வீடு வீடாக வந்தார். பலகை கொடுத்தால், கொடுத்த வீட்டின் பெயரை எழுதி நகரத்தில் கண்ணாடிக்குள் வைப்போம் என்றார். மிகேலாவுக்கு ஆசை வந்துவிட்டது. அலமாரியில் இரண்டு பலகைகள் இருந்தன. மாமியார் ஏற்றியதைக் கொடுக்க மனம் வரவில்லை. இரியார்தே பலகையிலிருந்த மெழுகை உரித்துவிட்டு அதைத் தூக்கிக் கொடுத்தாள். எந்த வீட்டுடையது என்று கேட்டவரிடம், கூசாமல் சகஸ்தி என்றாள்.

கூச்சம் பிறகு வந்தது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் அர்ஜென்டினாவிலிருந்து போன் வரும். எங்கள் ஆட்களுக்கு ஏற்றினாயா என்று உர்சுலா கேட்பாள், ஏற்றினேன் என்று மிகேலா சொல்வாள். அன்று முழுக்க மிகேலாவுக்குச் சோறு இறங்காது. பட்டினி கிடந்தால் பொய் கரைந்துவிடும் என்று நினைப்பு போலும்.

மடத்து முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பழைய கல்லறைக் கற்கள், வட்டத் தலையோடு வரிசையாக நின்றன. உர்சுலா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள்.

"எல்லாம் நம்ம ஊர் ஆம்பளைங்க தலை மாதிரியே இருக்குடி. உருண்டையா, பிடிவாதமா."

மிகேலா சிரிப்பதுபோல் ஏதோ செய்தாள். முழங்கால் வலிக்கிறது, போய்விடலாம் என்றாள். நீ உட்கார், நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உர்சுலா மாடிப்படி ஏறினாள். அவளைத் தனியாக விடவும் முடியாமல் மிகேலா பின்னாலேயே ஓடினாள்.

கண்ணாடிக்குள் பலகை மெழுகில்லாமல் மொட்டையாக நின்றது. உர்சுலா அதை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறந்த வீட்டில் அதை அவள் மெழுகு சுற்றாமல் பார்த்ததே கிடையாது. தவிர, ஊர்ப் பலகைகளையெல்லாம் செதுக்கியது ஒரே தச்சன்; எல்லாவற்றிலும் அதே வட்டம், அதே நட்சத்திரம். மிகேலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் உர்சுலா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே இருந்த அட்டையில் சகஸ்தி வீட்டுப் பெயரைப் படித்துவிட்டாள். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொன்னியாடி?"

மிகேலா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுதைக் குடுத்துட்டு எங்க வீட்டுதை வச்சுக்கிட்டிருந்தியா? உன் மாமியார் ஏத்தினதாச்சே அது. எனக்காகவா?"

பதிலுக்குக் காத்திராமல் கட்டிக்கொண்டாள். உன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், போனில் உன் குரல் ஒரு மாதிரி இருக்கும், இவள் ஏற்றுகிறாளோ இல்லையோ என்று நினைத்திருக்கிறேன், மன்னித்துவிடு என்று தோளில் முகம் வைத்து அழுதாள். இல்லையடி என்று ஒரு சொல் சொன்னால் போதும். மிகேலா வாயைத் திறக்கவும் திறந்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் அவளை இப்படிக் கட்டிக்கொண்டதில்லை. வெட்கக்கேடுதான், அந்தப் பிடி இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

உர்சுலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே நீ சுமக்க வேணாம். எங்க பலகையை நான் எடுத்துட்டுப் போறேன். அங்க என் மருமக ஏத்துவா. உங்க ஆளுங்க பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்றேன்."

வீட்டு அலமாரியில் இப்போது இருப்பது சகஸ்தி பலகை ஒன்றுதான். மாமியாருக்கும், புருஷனுக்கும், பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பெண் குழந்தைக்கும் ஞாயிறு தவறாமல் மிகேலா ஏற்றுவது அதில்தான். அந்தக் குழந்தைக்கு, உர்சுலாவின் மருமகள் சொல்வதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

உர்சுலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"துண்டுல சுத்தித் தரேன்," என்றாள் மிகேலா. "வழியில உடைஞ்சிடப் போகுது."